வெண்ணாற்றங்கரை மர முகாம்: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு நாள்

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்த வருஷம் பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை, நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரைத் தோப்பு ஒன்றில் நடக்கும் மர முகாமுக்குக் கூட்டிப் போனோம். முதல் நாள் தோப்பு, இரண்டாம் நாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. போவதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரித்தேன், “நல்லா இருக்கும், போயிட்டு வாங்க” என்பதற்கு மேல் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளை என்னென்ன செய்ய வைக்கிறார்கள், கொடுக்கும் காசுக்குத் தகுமா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா, இதெல்லாம் ஒரு ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோப்பில் நடக்கும் முதல் நாளுக்கு யோசிக்காமல் போகலாம். இரண்டாம் நாளில் காடு அருமை, ஏற்பாடு மோசம்.

முதல் நாளுக்குப் பிள்ளைக்கு 250 ரூபாய், அதிலேயே மதியச் சாப்பாடு, மோர், சாயங்காலம் சுண்டல் எல்லாம் அடக்கம். இரண்டாம் நாளுக்குப் படகுச் செலவோடு 400. வண்டி நம் பொறுப்பு. உடன் வரும் ஆசிரியர்களுக்குக் காசு வாங்குவதில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் 650 ரூபாய் என்றால் கையைப் பிசைவார்கள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்ததால் கொஞ்சம் பணம் புழங்கிய நேரம், அப்படியும் ஒன்பது பேருக்கு ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து கட்டினார்கள்.

எதற்காகப் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருநாள் “காட்டைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். “டிவில பாத்திருக்கேன் டீச்சர்” என்றது ஒரு பிள்ளை. “அதெல்லாம் கொடைக்கானல்ல இருக்கு டீச்சர்” என்றது இன்னொன்று. நம்மூர் என்றால் வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, அவ்வளவுதான் என்று எல்லாரும் முடிவே கட்டியிருந்தார்கள். திருவெண்காடு, தலைச்சங்காடு, வேதாரண்யத்தின் பழைய பெயரான திருமறைக்காடு என்று சுற்றிலும் காடு காடாகப் பெயர் வைத்திருக்கும் மண்ணில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். “மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்” என்று கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவார்கள், மரத்தடியில் நிறுத்தி இது என்ன மரம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இது அவர்கள் குற்றமில்லை. நாங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

தோப்பு மூன்று ஏக்கர் இருக்கும். முன்பாதி தென்னை, பின்பாதியை ஆற்றுப் படுகையோடு சேர்த்து அதன் போக்கிலேயே விட்டிருக்கிறார்கள். வேளாண்மை படித்த கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், உதவிக்கு இரண்டு இளைஞர்கள், அப்புறம் அந்தத் தோப்பிலேயே ஆயுசு முழுக்க வேலை பார்த்த ஒரு பெரியவர். பிள்ளைகள் அண்ணன், அக்கா, தாத்தா என்று அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். காலை ஒன்பதரைக்குப் போய் இறங்கியதும் வரவேற்புரை, உறுதிமொழி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு பாலிதீன் பையைக் கொடுத்து, வெயில் படும் புங்கங்கிளையாகப் பார்த்து இலைகளோடு உள்ளே விட்டு வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்க்கலாம் என்றார் அக்கா.

பிறகு அளக்கிற வேலை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். மரம் அளக்கிறவர்கள் பொதுவாக எடுக்கும் உயரம் அது. ஆற்றோரம் நின்ற ஒரு நீர்மருதுக்கு 308 சென்டிமீட்டர் வந்தது. 22-ன் கீழ் 7 என்று வகுப்பில் மனப்பாடம் செய்த π-யின் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு, விட்டம் 98 சென்டிமீட்டர் என்று ஒரு பெண் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினாள். என் வகுப்பில் கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் பெண் அவள். ஒரு மீட்டர் குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்து உயரம் கண்டுபிடிப்பதும் உண்டு. மருத நிலம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தார்களே, அந்த மருதம் இதுதான், திருவிடைமருதூர்ப் பெயரில் இருப்பதும் இதுதான் என்று பெரியவர் பட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னபோது எனக்கே சிலிர்த்தது. வழுவழுவென்று வெளுத்த பட்டை, தகடு தகடாக உரிந்து நிற்கும். பிள்ளைகள் அதில் தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்த்துப் பட்டைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதை இன்னும் நோட்டில் வைத்திருக்கிறார்கள்.

இலுப்பையும் அங்கே இரண்டு நிற்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று வாய்க்கு வாய் சொல்கிறோம், அந்த மரத்தை என் பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு நடந்ததில் இரண்டு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கிய மரத்தடியில் உட்கார வைத்து, “அத்தி பூத்தாப்ல வந்திருக்கேன்னு ஏன் சொல்றாங்க?” என்று அக்கா கேட்டார். “ஏன்னா அது பூக்கவே பூக்காது” என்றான் ஒருவன். அவர் சிவக்கத் தொடங்கிய ஒரு காயை பிளேடால் குறுக்கே அறுத்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லென்ஸோடு கொடுத்தார். உட்சுவர் முழுக்கப் பூ. நூற்றுக்கணக்கில், பொடிப் பொடியாக, உள்நோக்கிப் பூத்திருக்கிறது. வெளியே தெரியாததால் பூக்காத மரம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. முதல் இரண்டு காயில் வேறொன்றும் இல்லை. மூன்றாவதை அறுத்ததும் எள்ளைவிடச் சின்னக் குளவிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து அதைக் கையில் வைத்திருந்த பையன் உள்ளங்கையில் ஏறின. அவன் கையை உதறவில்லை. மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். காயின் நுனியில் ஊசி முனை அளவு துவாரம் இருக்கிறது, பெண் குளவி அதன் வழியாக மகரந்தத்தோடு உள்ளே நுழைந்து முட்டையிடுகிறது, பொரிந்து வரும் ஆண் குளவிக்குச் சிறகே கிடையாது, பெண்கள் வெளியேறக் காயைக் குடைந்து வழி செய்துவிட்டு அதன் கதை முடிந்துவிடும், வெளியேறும் பெண் குளவி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த அத்தியைத் தேடிப் போகும். இந்தக் குளவி இல்லாவிட்டால் அத்திக்கு விதை இல்லை, அத்தி இல்லாவிட்டால் குளவிக்கு வீடு இல்லை. “அத்திப் பழத்தைப் பிட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தைன்னு எங்க ஆயா சொல்லும்” என்றது ஒரு பிள்ளை. “அது சொத்தை இல்லடி, பிரசவ ஆஸ்பத்திரி” என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். சூழல் மண்டலம் என்று நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதெல்லாம் இந்த ஒரு காயில் இருந்தது.

இன்னொன்று விழுந்து கிடக்கும் மாமரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் சாய்ந்தது. அந்த ஒரு ராத்திரியில் தோப்பில் பாதி போய்விட்டது, மற்றதையெல்லாம் விறகுக்கு விற்ற பிறகு இதை மட்டும் கிடக்கட்டும் என்று விட்டார்களாம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது பால்வாடி வயது, ஓடு பறந்ததும் இருட்டில் அம்மா மடியில் கிடந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. இப்போது அந்த மரம் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்குப் பஞ்சாகியிருக்கிறது. பட்டையைத் தூக்கிப் பார்க்கலாம், பார்த்ததும் இருந்தபடியே மூடிவிட வேண்டும், இது ஒன்றுதான் விதி. கரையான், மரவட்டை, காது மாதிரி விரிந்த காளான், சட்டென்று ஓடி மறைந்த ஓர் அரணை, பொந்தில் சேர்ந்த மண்ணில் முளைத்து நின்ற இரண்டு வேப்பங்கன்று. அப்புறம் கட்டை விரல் தடிமனில் சுருண்டு கிடந்த ஒரு வெள்ளைப் புழு. அதைப் பார்த்ததும், வீட்டில் தென்னை வைத்திருக்கும் ஒரு பையன் துள்ளிவிட்டான். “டீச்சர், இது காண்டாமிருக வண்டுப் புழு, நசுக்கணும், எங்கப்பா எருக்குழியில பாத்தா விடவே மாட்டாரு.”

அந்த இடத்தில் அண்ணன் நடந்துகொண்ட விதம்தான் இந்த முகாமின் மேல் எனக்கு மரியாதை வரக் காரணம். எல்லா உயிரும் நல்ல உயிர் என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. “உங்கப்பா செய்றது சரிதான் தம்பி, எருக்குழியில எடுத்துடணும். அந்த வண்டோட புழுவேதானான்னு எனக்கு உறுதியாத் தெரியல, அந்த ஜாதிதான். மட்கினதைத் தின்னு மண்ணாக்குற வேலையை இங்க இது பாக்குது. வண்டானப்புறம்தான் தென்னங்குருத்துக்குப் போகும்” என்றார். பையன் கொஞ்ச நேரம் புழுவையே பார்த்தான். பிறகு அவனே பட்டையை மூடினான். மனசில்லாமல்தான் மூடினான், அது முகத்தில் தெரிந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக் காட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், மழுப்பினால் அவன் அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

மதியம் வாழை இலையில் சாம்பார், ரசம், வாழைக்காய்ப் பொரியல், மோர். வயிறு நிறையப் போட்டார்கள். கழிப்பறை சுத்தம், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு உண்டு. கொசு இருக்கிறது, முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள்.

சாப்பிட்டதும் இரண்டு முனையும் திறந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை மண்ணில் அடித்து இறக்கி, ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தார்கள். சருகு மூடிய மரத்தடியில் மூன்று நிமிஷத்துக்குள் உறிஞ்சிவிட்டது. டிராக்டர் ஓடிய பாதையில் அரை மணி ஆகியும் தண்ணீர் நின்றது. வெயிலில் 34 டிகிரி காட்டிய வெப்பமானி மரத்தடியில் 29 காட்டியது. மூன்றரைக்குக் காலையில் கட்டிய பைகளை அவிழ்த்தார்கள். பையின் மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது! ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தோம், நாற்பது இலை இருந்த ஒரு கிளையில் 11 மில்லி. “அப்ப மரம் முழுக்க எவ்வளவு டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, ஒரு கிளைக்கு எத்தனை இலை, மரத்துக்கு எத்தனை கிளை என்று அவர்களே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நீராவிப்போக்கு என்று நான் பதினோரு வருஷமாக நடத்தும் பாடம் அது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த பதினாறு பக்கப் பயிற்சிப் புத்தகம் அந்தத் தோப்போடு ஒட்டவே இல்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட படங்கள், பழுப்புக் கரடியும் ஓக் இலையும் பைன் மரமும். அத்தியும் மருதும் கண்ணெதிரே நிற்க, புத்தகத்தில் ஒரு வரிகூட அவற்றைப் பற்றி இல்லை. அடிமரத்து வளையத்தை எண்ணி வயதைச் சொல்லும் பயிற்சியும் இருக்கிறது. பனிக்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும் நாடுகளில் வளையம் தெளிவாக விழும், நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் அப்படி விழாது, தேக்கு மாதிரிச் சிலவற்றில்தான் பார்க்க முடியும். இதைச் சொன்னபோது அக்கா மறுக்கவில்லை, அடுத்த அச்சில் மாற்றுகிறோம் என்றார். மாற்றினால் நல்லது, தாத்தா சொல்வதை எழுதினாலே அருமையான புத்தகம் கிடைக்கும்.

விதைப்பந்து உருட்டியது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் தை மாதத்தில் உருட்டி, ஆடு மேயும் வரப்போரம் எறிய வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோடை முழுக்க அது காய்ந்து கிடக்க வேண்டும், நமக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். புரட்டாசியில் செய்தால் நாலு விதையாவது முளைக்கும், அதையும் எறியாமல் பையில் போட்டு நாற்றாக வளர்த்து நட்டால் இன்னும் நிச்சயம். கிளம்பும்போது ஆளுக்கொரு மகாகனிக் கன்று கொடுத்தார்கள். நாள் முழுக்கப் புங்கத்தையும் மருதையும் தொட்டுப் பழக வைத்துவிட்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது என்ன பொருத்தம்? ஒரு நாவல் கன்றாவது கொடுத்திருக்கலாம்.

சரி, இரண்டாம் நாள். காலையில் முத்துப்பேட்டை போகும் வழியில் மூணாறு தலைப்பில் நிறுத்தியது நல்ல யோசனை. வெண்ணாறு அங்கேதான் பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புகின்றன, அந்த இரண்டும் போய்ச் சேருவது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடும் வழக்கப்படி தண்ணீர் இறங்கிப்போயிருந்தாலும் ஷட்டருக்குக் கீழே கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரின் பின்னாலேயே போகிறோம் என்றதும் பிள்ளைகள் வேனில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள்.

முத்துப்பேட்டை பக்கத்தில் படகு ஏறும் இடமான ஜாம்புவானோடையில் எட்டரைக்குப் படகு என்றார்கள். ஏறியபோது மணி பதினொன்று. படகை முதல் நாளே உறுதி செய்யாமல் விட்டது நடத்துபவர்களின் தவறு, அதை அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒத்துக்கொண்டதால் வெயில் குறையவில்லை. கொண்டுவந்த தண்ணீர் கேன் பத்து மணிக்கே காலி, ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள், பெண் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக நானும் சக ஆசிரியையும் பக்கத்து வீடுகளில் கேட்டு அலைந்தோம். முதல் நாள் ஐந்து பேர் பார்த்துக்கொண்ட பிள்ளைகளை அன்றைக்கு ஒரே ஒரு இளைஞர் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஓடி ஓடி வேலை செய்தார். 34 பிள்ளைகளைத் தண்ணீருக்கு மேல் கூட்டிப் போகும்போது ஒரு ஆள் போதாது என்பது நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறின பிறகு எல்லாம் மறந்துபோனது. படகுக்காரர் ஓரமாக நிறுத்தி, வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார். “உப்பு டீச்சர்! உப்புக் கரிக்குது!” என்று படகே கத்தியது. வேர் உறிஞ்சும் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது அந்த மரம், இலையின் மேல் உப்புப் படிந்து மினுமினுப்பது வெயிலில் கண்ணுக்கே தெரிகிறது. சேற்றிலிருந்து பென்சில் மாதிரி ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களைத் தொட்டுப் பார்த்தார்கள். தில்லை மரத்தை மட்டும் தள்ளியிருந்தே காட்டினார், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான் என்று நான் சொன்னேன்.

உள்ளே போனபோது மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக வெட்டியிருந்ததைக் காட்டினார்கள். ஒரு காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதில் தரை தாழ்ந்து, ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பு முற்றிக் கன்று பிடிக்காமல் போயிருக்கிறது. வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்து, கரையில் நட்ட பிறகு மறுபடி காடாகியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “வடிகால் இல்லன்னா நாத்து அழுகிடும்ல, அதே மாதிரிதான்” என்று முதல் நாள் புழுவை மூடி வைத்த பையனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்ல வாய்க்காலிலிருந்து தொடங்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசிதான் சரியான காலம். ஒரு முறைக்கு முப்பது பேருக்கு மேல் வேண்டாம். பயிற்சிப் புத்தகத்தை நம்பாமல் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் நோட்டு கொடுத்துவிடுங்கள். லென்ஸ் ஐந்தாறு கையோடு எடுத்துப் போங்கள், அங்கே நாலுதான் இருக்கிறது, அதற்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நாங்கள் தோப்புக்கு அவர்களிடமே போகிறோம், முத்துப்பேட்டைக்குப் படகை நாங்களே பேசிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் ஏறிவிடுவதாக இருக்கிறோம்.

பள்ளிக்கூடத்து வேம்பில் இப்போது எந்நேரமும் நாலு பாலிதீன் பை தொங்குகிறது. போன திங்கட்கிழமை 14 மில்லி வந்ததாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.